மீனவர்களுக்கான பகுதி

திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. மலை உண்டு, ஏரி உண்டு, மழை பெய்தால் கேட்காமல் வீட்டுக்குள் வந்துவிடுகிற வாய்க்கால்கூட உண்டு. கடல் மட்டும் இல்லை. ஆனால் தினமும் மத்தியானம் சென்னையிலிருந்து வருகிற வானிலை அறிக்கைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. மேல்பாதியில் எந்த மாவட்டத்தில் மழை என்று சொல்லும். கீழ்ப்பாதியில் 'மீனவர்களுக்கான எச்சரிக்கை' என்று ஆரம்பித்து, அந்தமான் கடல், தென்கிழக்கு வங்கக்கடல், மன்னார் வளைகுடா, லட்சத்தீவு என்று வரிசையாகப் பெயர் சொல்லி, அங்கெல்லாம் போகாதீர்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்ளும்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில், பேரிடர் பிரிவில், அந்த அறிக்கையை வாங்கி மேல்பாதியைச் சுருக்கி வி.ஏ.ஓ.க்களின் வாட்ஸப் குழுக்களுக்கு அனுப்புவது தேவிப்ரியாவின் வேலை. ஒப்பந்த வேலைதான். கீழ்ப்பாதியை வெட்டிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெரியாமல் ஒருமுறை முழுசாக அனுப்பிவிட்டாள். 'எங்க ஏரிக்கும் இது பொருந்துமா மேடம்?' என்று தண்டராம்பட்டுப் பக்கத்து வி.ஏ.ஓ. ஒருவர் கேட்டு, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார். பிரிவுக் கண்காணிப்பாளர் திருமலை அதைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கீழ்ப்பாதி நமக்கு எதுக்கும்மா? அய்யங்குளத்துல யாரு வலை போடப் போறா?"

தேவிப்ரியாவும் சிரித்தாள். ஆனால் கீழ்ப்பாதியை அவள் தூக்கி எறியவில்லை. மாவட்டத்திலேயே அதை ஒரு வரி விடாமல் படிக்கிற ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். அவள் புருஷன் விமல்ராஜ் கடலில் இருந்தான்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து கப்பலுக்குப் போன முதல் ஆள் அவன். கேட்டரிங் படித்துவிட்டுக் கல்யாண மண்டபங்களில் வடைமாவு ஆட்டிக்கொண்டிருந்தவனுக்கு, சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் சரக்கு ஏற்றுகிற ஒரு கப்பலில் சமையல் உதவியாளாக வேலை கிடைத்தது. அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் அதற்கே பஸ் ஸ்டாண்டில் பேனர் வைத்துவிட்டார்கள். கூலிங் கிளாஸ் போட்டுக் கைகட்டி நிற்கிற விமல்ராஜ், அவனுக்குப் பின்னால் விமானம் இறங்குகிற அளவுக்கு ஒரு ராட்சசக் கப்பல், மேலே 'கடலை ஆள வந்த எங்கள் சிங்கமே'. சாம்பார் கிளறப் போகிறவனுக்கு இது கொஞ்சம் ஜாஸ்தி என்று தேவிப்ரியாவுக்குத் தோன்றியது உண்மை. ஆனால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பி அந்தப் பேனரைப் பார்த்ததும் உண்மை. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. புருஷனின் முகத்தை அந்த அளவில் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

அவன் போன பிறகு அவர்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. மத்தியானம் அறிக்கை வந்ததும் கீழ்ப்பாதியிலிருந்து அவன் போகிற வழியின் நிலவரத்தை மட்டும் எடுத்து, சின்னதாகத் தட்டி அவனுக்கு அனுப்புவாள். 'இன்னிக்குக் காற்று 45, நடுவுல 55 வரைக்கும் போகும். இடி இருக்கு. ஜாக்கிரதை.' கப்பலில் மத்தியானமும் சாயந்தரமும் கொஞ்ச நேரம் வைஃபை கொடுப்பார்களாம். சாயந்தரம் கூப்பிடுவான்.

"நீ சொன்னது அப்டியே கரெக்ட்டு ப்ரியா. அம்பத்தஞ்சுல அடிச்சுது பாரு, அடுப்பு ஒரு பக்கம் போவுது, சாம்பார் ஒரு பக்கம் போவுது. நான் குண்டானக் கட்டிப் பிடிச்சிகினு நிக்கறேன்."

அவனுக்குக் கதை சொல்ல வரும். அலை எழும்புவதையும், டெக்கில் தண்ணீர் ஏறுவதையும், பீகார்க்காரப் பையன் ஒருவன் பயந்து அழுததையும் அவன் சொல்லச் சொல்ல, கடலை மெரினாவில் ஒரே ஒரு முறை பார்த்திருந்த தேவிப்ரியாவுக்குக் கால் நனைந்த மாதிரி இருக்கும். பின்னால் அடிக்கடி ஹாரன் சத்தம் கேட்கும். "கப்பல் ஹாரன்" என்பான். கீழ்பென்னாத்தூரில் கப்பல் ஹாரனைக் கேட்டவர்கள் யார் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல?

தன் ஒரு வரி அவ்வளவு தூரம் போய், ஒரு மனிதனை ஜாக்கிரதையாக இருக்கவைத்து, சாயந்தரம் கதையாகத் திரும்பி வருகிறதே என்று அவளுக்குப் பெருமை. வி.ஏ.ஓ.க்களுக்கு அனுப்புவதை யாரும் படிப்பதில்லை. இதையாவது ஒருவன் படிக்கிறானே.

ஐப்பசியில் அந்தமான் கடலில் ஒரு தாழ்வு நிலை உருவாகி, இரண்டே நாளில் தாழ்வு மண்டலமாகி மேலே ஏறியது. கீழ்ப்பாதி நீளமாகிக்கொண்டே போனது. 'கடல் மிகவும் கொந்தளிப்புடன் காணப்படும்' என்ற வரியைத் தட்டிவிட்டு, 'ஜாக்கிரதை' என்பதை இரண்டு முறை போட்டாள். வீட்டில் சோறு இறங்கவில்லை. மாமியார் ஜோதியம்மாள் மட்டும் எப்போதும் போல முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வேர்க்கடலையை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, உடைத்துக்கொண்டிருந்தாள். தோலைத் தனியாக, பருப்பைத் தனியாக, டக் டக் என்று.

"அத்த, புயலா மாறலாம்னு போட்ருக்காங்க. அவரு போற வழியிலதான் இருக்குது."

"அண்ணாமலையாரு பாத்துக்குவாரு. நீ போய்ச் சாப்புடு."

கை நிற்கவே இல்லை. பெற்ற பிள்ளை புயலில் இருக்கும்போது இப்படி உட்கார எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று தேவிப்ரியா வியந்தாள். தன் பக்தி எல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்று வெட்கப்பட்டாள். பௌர்ணமிக்கு மழையில் செருப்பில்லாமல் கிரிவலம் போகிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் அவளுடைய அப்பா இறந்துபோனார். செங்கம் பக்கத்தில் அவள் பிறந்த ஊர். அப்பாதுரை மாடு கட்டப் போனவர் அப்படியே கட்டுத்தறி பக்கத்தில் சாய்ந்துவிட்டார். தம்பி கோபி போன் செய்தபோது அவள் ஆபீஸில் இருந்தாள். எப்படிப் பஸ் ஏறினாள், எங்கே இறங்கினாள் என்று இன்றைக்கும் அவளுக்கு ஞாபகமில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவள், நடுவில் போனை எடுத்து விமல்ராஜுக்குத் தட்டினாள். 'அப்பா போயிட்டாருங்க. நீங்க வரணும்னு அலையாதீங்க. கடல் சரியில்ல. உங்களுக்கும் ஏதாவது ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்.'

பதில் வந்தது. 'மாமா போயிட்டாரா? கடவுளே. இங்க நிக்கவே முடியல ப்ரியா. கப்பல் படுத்துப் படுத்து எழுந்திரிக்குது. என்ன மன்னிச்சிடு.'

மருமகன் எங்கே, மருமகன் எங்கே என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அப்பாதுரைக்கு மருமகன் மேல் ஒரு தனிப் பிரியம் என்று ஊருக்கே தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் போனில் அந்தப் பேனர் படத்தைக் காட்டிக்கொண்டிருந்த மனுஷன். "அவரு கடல்ல இருக்காரு. அங்க புயலு" என்று அழுகைக்கு நடுவில் ஒவ்வொருவருக்கும் தேவிப்ரியாதான் சொல்லிக்கொண்டிருந்தாள். விமல்ராஜ் போட வேண்டிய கோடித்துணியை ஜோதியம்மாள் வாங்கிப் போட்டாள். போடும்போது, "எம்புள்ள குடுத்து வெக்கலயே சம்பந்தி" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பௌர்ணமியன்று மழை பெய்தது. அவள் செருப்பில்லாமல் மலையைச் சுற்றி வந்தாள். கால் கொப்பளித்து ஆபீஸில் நொண்டினாள். புயல் கரையேறாமல் கடலிலேயே வலுவிழந்து போனது. வேண்டுதல் பலித்துவிட்டது என்று நினைத்தாள்.

அதற்கடுத்துக் கார்த்திகை வந்தது. தீபத் திருவிழா என்றால் பேரிடர் பிரிவில் மூச்சுவிட நேரமிருக்காது. கண்ட ஊரிலிருந்தெல்லாம் போன் வரும். தீபத்தன்று மழை வருமா? மலைமேல் மேகம் மூடிவிடுமா? தீபம் தெரியுமா? வானிலை ஏதோ அவள் மேஜை டிராயரில் இருக்கிற மாதிரியும், அவள் எடுத்துக் கொடுக்க மறுக்கிற மாதிரியும் கோபமாகக் கேட்பார்கள். திருமலை இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். அந்த நெரிசலில் மத்தியான அறிக்கை வந்தது. மேல்பாதியை அனுப்பிவிட்டு, கீழ்ப்பாதியில் கண்ணில் பட்டதைத் தட்டி விமல்ராஜுக்கு அனுப்பினாள். 'சூறாவளிக் காற்று 55, நடுவுல 65. கடல் கொந்தளிப்பு. ஜாக்கிரதைங்க.'

சாயந்தரம் கூப்பிட்டான். "அறுவத்தஞ்சு இல்ல ப்ரியா, எழுவதே இருக்கும். இட்லிப் பானை பறந்துபோய்ச் சுவத்துல மோதிச்சு. எங்கையில சுடுதண்ணி." அவளுக்கு அன்று தூக்கம் வரவில்லை. சுடுதண்ணி பட்ட கையையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திருமலை, "நேத்து அறிக்கைய ஒருதரம் எடும்மா. தீபத்துக்கு ஒரு நோட்டு போடணும்" என்றார். எடுத்தாள். வழக்கப்படி கண் கீழ்ப்பாதிக்குப் போனது.

'லட்சத்தீவு மற்றும் அதனை ஒட்டிய தென்கிழக்கு அரபிக்கடல் பகுதிகளில் சூறாவளிக் காற்று மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்.'

அடுத்த வரி: 'வங்கக்கடல் பகுதிகள், அந்தமான் கடல்: எச்சரிக்கை ஏதுமில்லை.'

அவசரத்தில் அவள் நாட்டின் அந்தப் பக்கத்துக் கடலை எடுத்து இந்தப் பக்கத்துக்கு அனுப்பியிருந்தாள். போர்ட் பிளேயர் போகிற வழியில் நேற்று ஒன்றுமே இல்லை. ஆனால் அங்கே இட்லிப் பானை பறந்திருக்கிறது.

முதலில் அறிக்கை மேல்தான் கோபம் வந்தது. மழை வராது என்பார்கள், கொட்டும். வரும் என்பார்கள், வெயிலடிக்கும். கடல் மட்டும் இவர்கள் சொன்னபடி கேட்குமா? பஸ்ஸில் போகும்போது வேறு சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடல் என்ன ஏரியா, ஒரே மாதிரி இருக்க? ஒரு மூலையில் காற்று அடித்திருக்கலாம். அவனுக்காக என்னென்ன சாக்கு உண்டோ எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தாள். கீழ்பென்னாத்தூர் வந்துவிட்டது. பேனர் வெயிலில் வெளுத்து, சிங்கத்தின் கூலிங் கிளாஸ் மட்டும் கறுப்பாக நின்றது. அதைப் பார்த்தபோதுதான் அவள் பழைய சாயந்தரங்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள்.

இத்தனை மாதத்தில் ஒருநாளாவது அவன், 'நீ சொன்னது தப்பு, இங்க அப்படி இல்ல' என்று சொல்லியிருக்கிறானா? வானிலை மையமே தன் அறிக்கையை அவ்வளவு நம்பாது. அவள் மெசேஜ் அனுப்பாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கடலைப் பற்றிப் பேசியிருக்கிறானா? ஞாயிற்றுக்கிழமைகளில், "சாப்ட்டியா, அம்மா எப்டி இருக்கு" என்பதோடு போன் முடிந்துவிடும்.

அவன் கடலில் இல்லை என்றால், அப்பாவைத் தூக்கின அன்றைக்கு எங்கே இருந்தான்? அந்தக் கேள்வியை அவளால் முழுசாகக் கேட்டுக்கொள்ளக்கூட முடியவில்லை.

தீபம் ஏற்றி முடிந்து, கூட்டம் கலைந்து, ஊர் அசதியாகக் கிடந்த ஒரு மத்தியானம் அவள் அதைச் செய்தாள். அன்றைய அறிக்கையின் கீழ்ப்பாதி ஒரே வரி. எல்லாக் கடல்களுக்கும் எச்சரிக்கை ஏதுமில்லை. ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்று பழகின விரல்கள், சொந்தமாக ஒரு புயலைத் தட்ட ஆரம்பித்தன. 'என்னங்க, உங்க வழியில திடீர்ப் புயல் கிளம்பியிருக்கு. காற்று 90. பெரிய அலை. ஆலங்கட்டி மழையும் இருக்குமாம். பயமா இருக்குங்க.' ஆலங்கட்டியைக் கடைசியில்தான் சேர்த்தாள். கோடையில் செங்கம் பக்கம் விழும், பார்த்திருக்கிறாள். கார்த்திகையில் நடுக்கடலில் விழுந்ததாக அவள் ஒரு அறிக்கையிலும் படித்ததில்லை. அதைப் படித்தாவது அவன், 'இன்னாடி உளர்ற, இங்க வெயிலடிக்குது' என்று சிரிக்க வேண்டும். அண்ணாமலையாரே, சிரிக்க வேண்டும். அனுப்பிவிட்டு அதைத்தான் வேண்டிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனபோது ஜோதியம்மாள் வாசலில் முறமும் மல்லாட்டையுமாக உட்கார்ந்திருந்தாள். தேவிப்ரியா பையைக்கூட இறக்கவில்லை.

"அத்த, பெரிய புயலாம். அவரு கப்பலு நேரா அதுக்குள்ள போய்க்கினு இருக்குது. தப்பிக்கறது கஷ்டம்னு ஆபீஸ்ல பேசிக்கறாங்க."

இவ்வளவு சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது. ஜோதியம்மாள் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். முகத்தைக் கொஞ்சம் சுருக்கினாள், கவலைப்படுகிற மாதிரி.

"அண்ணாமலையாரு பாத்துக்குவாரு."

டக் என்று ஒரு மல்லாட்டை உடைந்தது. தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். அடுத்ததை எடுத்தாள். டக்.

தேவிப்ரியா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இது நம்பிக்கை இல்லை. எந்தச் சாமியும் ஒரு தாய்க்கு இவ்வளவு நம்பிக்கை கொடுக்காது. பிள்ளை பத்திரமாக இருக்கிறான் என்று நன்றாகத் தெரிந்த கை அது. அன்றைக்கும் அப்படித்தான் உடைத்தது. அதைப் பார்த்துத்தானே அவள் வெட்கப்பட்டாள், அதைப் பார்த்துத்தானே செருப்பைக் கழற்றினாள்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு, முறத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"ப்ரியா... உயிரோட பேசறேன்னு நெனச்சிக்க." மூச்சு வாங்கினான். "என் வாழ்க்கைல இப்படி ஒரு காத்தப் பாத்ததில்ல. ஆலங்கட்டிம்மா! டெக்கு மேல படபடன்னு, ஒண்ணொண்ணும் கோழிமுட்ட சைஸு. கேப்டனே கண்ண மூடிக்கினு சாமி கும்பிட்டாரு."

ஆலங்கட்டிதான் அவள் அனுப்பியது. கோழிமுட்டை அவன் சொந்தச் சரக்கு.

"கையில பட்டுதாங்க?" என்று கேட்டாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"தோள்ல ஒண்ணு பட்டுது. வீங்கிப்போச்சு. நீ பயப்படாத. இப்போ கம்மி ஆயிடுச்சு."

பின்னால் ஹாரன் நீளமாக அடித்தது. அது லாரி. எப்போதும் லாரிதான். இங்கே ஊர் ஓரத்துப் பெங்களூர் ரோட்டில் நாள் முழுக்க அடிக்கிற அதே ஹாரன். இத்தனை நாள் அதைக் கப்பல் என்று கேட்ட காதை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

"சரிங்க. உடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். "எந்தக் கடல்லயும் இன்னிக்குப் புயலு இல்லத்த. நான் எழுதி அனுப்பினேன்."

இப்போதுதான் கை நின்றது.

ஜோதியம்மாள் முறத்திலிருந்த தோலை ஊதினாள். பிறகு அழ ஆரம்பித்தாள். தேவிப்ரியா அழவிட்டாள். அழுகை எப்படியும் முடியும் என்று அவளுக்குத் தெரியும். ஐப்பசியில் அவளுக்கே முடிந்ததுதானே.

"மொத தடவ போனப்பவே அவனுக்கு ஒத்துக்கல," என்றாள் ஜோதியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு. "கப்பலு கெளம்பினதுலருந்து வாந்தி. ரத்தமா எடுத்திருக்கான். போயித் திரும்பி வந்ததும் எறக்கி உட்டுட்டாங்க. ஊரே பேனர் வெச்சுது. எந்த மூஞ்சிய வெச்சிகினு வருவான்? நெல்லூர் பக்கத்துல ஹைவேல ஒரு ஓட்டல்ல நிக்கறான். வேற ஒண்ணும் தப்பு பண்ணல, எங்கொழந்த. நீ நெனைக்கற மாதிரி வேற பொம்பள கிம்பள எல்லாம் இல்ல."

வாந்தி. வெறும் வாந்தி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே ஆத்திரம் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருக்கப் போகிறாள்? எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்திருப்பாள். பேனரை அவளே போய்க் கிழித்துப் போட்டிருப்பாள். மல்லாட்டைச் செடியும் நெல்லும் இருக்கிற ஊரில் ஒருவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாததில் என்ன அவமானம்?

"எங்கப்பா செத்தப்போ?" என்று கேட்டாள். "நெல்லூருலருந்து பஸ்ஸே இல்லியா அத்த?"

ஜோதியம்மாள் கண்ணைத் துடைத்தாள். "வரேன்னுதான் சொன்னான். துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டான். நான்தான் வேணாம்னேன். நடுக்கடல்ல இருக்கறவன் அரை நாள்ல எப்டி வந்தான்னு சாவு வூட்ல நாலு பேரு கேக்க மாட்டாங்களா?" பிறகு, ஏதோ நியாயம் அகப்பட்டவள் போலத் தலையை நிமிர்த்தினாள். "அதுவும் இல்லாம, நீயேதான வராதீங்கன்னு மெசேஜ் அனுப்பிட்ட. அதப் பாத்துட்டுதான் அவனும் சரின்னு நின்னுட்டான்."

தேவிப்ரியா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று தட்டின அந்த ஒரு வரிதான் அவளை விட்டுப் போக மறுத்தது. அவனுக்குப் பொய் சொல்லக்கூடத் தேவைப்படவில்லை. பொய்யைக்கூட அவள்தான் எழுதி அனுப்பியிருக்கிறாள், தினமும், மத்தியானம் தவறாமல். அவன் அதைத் தொட்டுத் தாளித்துச் சாயந்தரம் திருப்பிக் கொடுத்தான். சமையல்காரன்தானே.

மறுநாள் அறிக்கை வந்தது. அந்தமான் பக்கம் நிஜமாகவே ஒரு தாழ்வு நிலை உருவாகிக்கொண்டிருந்தது. மேல்பாதியைச் சுருக்கிக் குழுக்களுக்கு அனுப்பினாள். கீழ்ப்பாதியை அழித்தாள். திருமலை டீ டம்ளரோடு அந்தப் பக்கம் வந்தவர், அவள் போனைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவள் புருஷனுக்கு அனுப்புவது ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த கேலிதான்.

"என்னம்மா, இன்னிக்குக் கீழ்ப்பாதி வேணாமா? கப்பல்காரரு கோச்சிக்கப் போறாரு."

"நமக்குக் கடல் இல்லீங்களே சார்," என்றாள்.

அன்றைக்கு அவள் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறவில்லை. செங்கம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ரமணாசிரமத்தைத் தாண்டும்போது வெள்ளைக்காரர்கள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மலை அது பாட்டுக்கு இருந்தது. அதன் மேலும் அவளுக்குக் கோபமாகத்தான் வந்தது. கொப்பளித்த காலோடு சுற்றி வந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

போன் அடித்தது. எப்போதும் அடிக்கிற நேரம்தான்.

"என்ன ப்ரியா, மதியானம் மெசேஜே வரலையே? உடம்பு சரியில்லயா?"

அம்மாக்காரி இன்னும் அவனிடம் சொல்லவில்லை போல. அல்லது சொல்ல வாய் வரவில்லை.

"நல்லாத்தான் இருக்கேன். கடல் எப்படிங்க இருக்கு இன்னிக்கு?"

அந்தப் பக்கம் கரண்டியால் தோசைக்கல்லைத் தட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ தெலுங்கில் எதையோ சீக்கிரம் கேட்டார்கள். அவள் காத்திருந்தாள். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போய் ஓய்ந்தது. அவனுக்குத் தெரிந்த காற்றெல்லாம், அலையெல்லாம், இடியெல்லாம் அவளிடம் இருந்தது.

"நீ... இன்னும் அனுப்பலியே," என்றான் மெதுவாக.

"நெல்லூர்ல மழை இல்லீங்க," என்றாள் தேவிப்ரியா. "வானம் தெளிவா இருக்குது. பஸ்ஸெல்லாம் ஓடுது. எங்கப்பாவ எடுத்தாங்களே, அன்னிக்கும் ஓடிச்சு."